தாளின் உட்புறம்

ஜூலை 28, திங்கள்

காற்று. மாடியில் காயப்போட்ட துண்டு எதிர்வீட்டுக் கம்பியில் கிடந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், துண்டு எம்மாத்திரம்.

காலையிலேயே அண்ணனோடு அச்சகம். திருத்தங்கல் ரோடு முழுக்கப் பட்டாசுக் கம்பெனி வேன்கள். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வந்தாக வேண்டும், மிஷின் நிற்காமல் ஓடுகிறது. இந்த நெருக்கடியிலும் டிசைன் ரூமில் பெரிய மானிட்டரை மதியம் வரை எனக்கு விட்டிருக்கிறான். காலண்டர் முருகனும் லட்சுமியும் எனக்குப் பிறகுதான். நல்ல அண்ணன். நேரில் சொன்னால் தாங்கமாட்டான், இங்கே எழுதி வைக்கிறேன்.

சாப்பாடு கொண்டுவந்த மதினி என் தோளுக்கு மேலாக மானிட்டரில் இருந்த எழுத்தை எட்டிப் பார்த்து, மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கு, இதையா படிக்க, என்றாள். சொன்னேன். ஜப்பானில், நான் ஆய்வு செய்யும் கியோட்டோவில், ஒரு நூலகத்தில் இருக்கும் பழைய கதை. முந்நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ தூரிகையால் படியெடுத்தது. எழுதியவர் பெயர் இல்லை. கதை பாதியில் நிற்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தில் மங்கலாக, இடவலம் மாறி, வேறு இரண்டு வரிகளின் சாயல் தெரிகிறது. ‘நிலா’ என்று வருகிறது, அடுத்த வரியில் ‘யாரும் வரவில்லை’. இந்த இரண்டும் இப்படி அடுத்தடுத்துக் கதையில் எங்கேயும் கிடையாது.

ஈரம் காயாத தாளை அடுக்கினால் அதன் மை மேல் தாளின் முதுகில் இடவலம் மாறி ஒட்டும். அச்சகத்தில் இதற்குச் செட்-ஆஃப் என்று பெயர். பிறந்ததிலிருந்து திட்டு வாங்கிப் பார்த்த விஷயம். அதனால்தான் கியோட்டோவில் யாருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியது. எதிரே இன்னொரு தாள் இருந்திருக்கிறது, அதில் கதையின் முடிவு இருந்திருக்கிறது, அதன் மைதான் இங்கே ஒட்டியிருக்கிறது. பேராசிரியர் (இனி பே.) போகிற இடமெல்லாம் ‘காலண்டர் வீட்டுப் பெண் கண்டுபிடித்தாள்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் (அ.3) முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. செப்டம்பரில் சமர்ப்பிக்க வேண்டும். ஆறு வருட உழைப்பு.

வாங்க: அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. பின் ஊசி. கடலை மிட்டாய்.

ஜூலை 30, புதன்

தெருவில் அம்மன் கொடை. காலையிலிருந்து சரவெடி. வாசல் முழுக்கக் காகிதத் துணுக்கு. கூட்டக் கூட்டக் காற்று திருப்பிக் கொண்டுவந்து போடுகிறது. அம்மா அம்மனை விட்டுவிட்டுக் காற்றைத் திட்டினாள்.

ஒரு துணுக்கு என் மடியில் வந்து விழுந்தது. யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய நோட்டுத் தாள், வெடிக் குழாயில் சுற்றியிருந்தது. வெயிலில் பிடித்தேன். ஒரு பாதிக் கணக்கு, அதற்கு நடுவே இடவலம் மாறிய ஒரு ‘5’. அட, செட்-ஆஃப் என்று என் வாய் தானாகச் சொல்லிற்று.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பேனாவால் எழுதிய ‘5’. ஒன்றும் ஒட்டவில்லை. பின்னால் இருப்பது முன்னால் தெரிகிறது, அவ்வளவுதான்.

துணுக்கை இரண்டாக மடித்துப் பார்த்தேன். ஜப்பானியப் பழைய புத்தகங்களில் தாளை ஒரு பக்கம் மட்டும் எழுதி, எழுத்து வெளியே வருகிற மாதிரி இரண்டாக மடித்து, திறந்த ஓரங்களைச் சேர்த்துத் தைப்பார்கள். ஒவ்வொரு தாளும் ஒரு பை. பைக்குள்ளே ஏதாவது எழுதியிருந்தால் அதுவும் இப்படித்தான் மாறித் தெரியும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் கண் அச்சகத்துக் கண்.

ஜூலை 31, வியாழன்

சோதனை. சுமி என்னும் ஜப்பானிய மைக்கட்டியை நீரில் உரைத்து (புகைக்கரியும் பசையும்தான்), ஜப்பானியத் தாளில் நாலு வரி எழுதி, மேலீரம் மட்டும் போனதும் மேலே வெறும் தாள் வைத்து, அதன் மேல் கிரைண்டர் கல். மதினி மாவாட்ட வந்து கல்லைக் காணோமென்று தேடினாள். காரணம் சொன்னதும் பேசாமல் கடையில் மாவு வாங்கிவந்துவிட்டாள். அவளுக்கு நான் எத்தனை ஜென்மம் கடன்.

சாயந்திரம் கல்லைத் தூக்கினேன். மேல் தாளில் ஒரு புள்ளி கூட இல்லை. அச்சகத்து எண்ணெய் மை தாளின் மேல் நிற்கும். இது உள்ளே இறங்கிவிடும். அங்கே யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்பதற்கு இதுதான் பதிலாக இருக்கலாம்.

நூலகத்தில் பழம்பிரதிகளைக் கவனிக்கும் மொரிதா அம்மாளுக்கு எழுதினேன். கடைசித் தாளின் மடிப்புக்குள் மெல்லிய கறுப்புத் தாளைச் செருகிப் பார்க்க முடியுமா? சாயல் அப்படியே இருந்தால் மை மேலே ஒட்டியது, அ.3 பிழைக்கும். மறைந்தால் உள்ளே இருப்பது, பின்னால் கறுப்பு இருந்தால் அது வெளியே தெரியாது. அனுப்பும் முன் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். கேட்காமலே இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பும் வந்தது. அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

பதில் இல்லை. மின்சாரமும் இல்லை. ஆல்பம் பைண்டிங்கில் இரண்டு படம் தலைகீழ். அண்ணன் போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அச்சகத்தில் பூஜை. புது ஆல்பத்துக்குச் சந்தனம், குங்குமம். ஏஜெண்டுகள் வந்து புரட்டி, போன வருட முருகனே நன்றாக இருந்தார் என்றார்கள். வருடா வருடம் அதையேதான் சொல்கிறார்கள். அப்புறம் ஆர்டரும் கொடுக்கிறார்கள்.

மதினி புளிசாதம் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“உள்ள இருக்குறதுதான்னு வந்துட்டா என்ன செய்வ?”

“அத்தியாயத்த எடுத்துரணும் மதினி. வேற வழியில்ல.”

“ஆறு வருசம்லா.”

“ஆமா.”

மதினி புளிசாதச் சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு என் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தாள். அழுகை வந்தது. அப்பளத்துக்கு யாராவது அழுவார்களா? அழுதேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மொரிதா அம்மாளின் பதில் வந்துவிட்டது. அச்சகத்தில், மிஷின் சத்தத்துக்கு நடுவில் படித்தேன்.

சாயல் மறைந்துவிட்டது. செட்-ஆஃப் இல்லை. தொலைந்த தாள் என்று ஒன்று இல்லை. கதைக்கு முடிவும் இல்லை.

மொரிதா அம்மாள் அதோடு விடவில்லை. நான் கேட்காமலே, மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, மடிப்புக்குள் சின்ன விளக்கை விட்டுப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஒரு நாள் முழுக்கக் குனிந்து நின்றிருப்பார் போல. முதுகு வலியை ஒரு வரியில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். தைத்த பிறகு இந்த எழுத்தைப் பார்த்தவர்கள் நாம் இருவராகத்தான் இருக்கும், கேட்டதற்கு நன்றி என்று முடித்திருக்கிறார். நன்றி சொல்ல வேண்டியவள் நான். அவர் முந்திக்கொண்டார்.

உள்ளே இருப்பது: இதே கதை, நடுவில் ஒரு பக்கம், அதே கை. படியெடுத்தவர் ஏழெட்டு வரி எழுதி, கண் தவறி ஒரு வரியை விட்டிருக்கிறார். ‘நிலா’வுக்குப் பிறகு ஒரு வரி வர வேண்டும், அது இல்லை, நேரே ‘யாரும் வரவில்லை’. அங்கே குறுக்கே ஒரு கோடு. பிறகு தாள் வீணாகக் கூடாதென்று எடுத்து வைத்து, கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி மடித்து எழுதியிருக்கிறார். நான் முடிவு என்று நினைத்தது அவருடைய கைத்தவறு.

மதினியிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, “ஆறு வருசமாவா அவுக வேஸ்ட் தாளப் படிச்ச?” என்றாள். சிரிப்பு அடக்க முடியவில்லை. அவளுக்கும்தான். அண்ணன் ஓடிவந்து மிஷினை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டான்.

பே.க்கு எழுதியாயிற்று. அ.3 இல்லை. காரணமும் படமும் இணைப்பில். செப்டம்பர் நடக்காது. வலிக்கிறது. ஆனாலும் ஆறு நாளாக நெஞ்சில் இருந்த கல் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காற்று குறைந்திருக்கிறது. அம்மாவுக்குக் கண் தேவலை.

பே. பதில் வந்தது. வருத்தம் என்றார். தள்ளிப்போட மனுக் கொடு என்றார். பிறகு ஒரு கேள்வி: அந்த இடத்தில் ஏன் கண் தவறியது?

கதையில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ‘நிலா’வுக்குப் பிறகு வரும் இரண்டு வரியும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. முதலாவதை எழுதப் போய்க் கண் இரண்டாவதில் இறங்கிவிட்டது. யாருக்கும் நடக்கும்.

அப்போதுதான் ஒரு சந்தேகம். இந்தக் கதையை நான் முதன்முதலில் படியெடுத்த கோப்பு, முதல் வருடத்தது. பே. சிவப்பில் திருத்தியது. தேடித் திறந்தேன்.

‘நிலா.’ அடுத்த வரி, ‘யாரும் வரவில்லை.’ நடுவில் பே. போட்ட சிவப்புக் குறி: ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

அதே இடம். அதே வரி. ஐயா, அல்லது அம்மா, படியெடுத்தவர் நீங்கள் யாராக இருந்தாலும் சரி, என் கண்ணும் அங்கேயேதான் தவறியிருக்கிறது.