கூப்பிடு தூரம்

கிறிஸ்துமஸ் நாள், பிற்பகல்

அன்புள்ள கண்ணு,

இங்கே அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் ஐந்து மாதமாக இருக்கிற அந்தச் சின்ன உயிரும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவின் முழங்கால் பழையபடிதான், ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிற மனுஷன் லிஃப்ட் இல்லாத நம் வீட்டின் மூன்று மாடியை ஏறும்போது படிக்கு ஒரு முறை ஆண்டவரைக் கூப்பிடுகிறார். உன் அத்தை வந்திருக்கிறார், நான் செய்த கேக்கில் இனிப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு உன் பழைய அறையில் படுத்திருக்கிறார், தூங்கவில்லை, கட்டில் கிரீச்சிடுவது கேட்கிறது.

கோயிலிலிருந்து வந்ததும் உனக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன், எனக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி ஃபிட்ஸ் வந்தது, இதை உன் டாக்டரிடம் உடனே சொல் என்று. நான் பிறந்தப்பவாம்மா என்று கேட்டாய். இல்லை என்றேன். அப்ப யாரு பிறந்தப்ப என்று கேட்டாய். அதற்குப் பதிலைக் கட்டைவிரலால் தட்டி அனுப்ப என்னால் முடியவில்லை, போனில் சொன்னால் என் குரல் பாதியில் விட்டுவிடும், அதனால்தான் கடிதம் எழுதுகிறேன் அதுவரை கூப்பிடாதே என்று கெஞ்சினேன். முடித்ததும் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறேன், தாளையும் தபாலில் போடுகிறேன், இது உன் கையில் தாளாகவும் இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி. மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

உனக்கு ஒரு தம்பி பிறந்தான். அப்போது உனக்கு இரண்டரை வயது, டிசம்பர் பத்தொன்பது, காலை ஆறு மணி. ஏழாம் மாதத்திலேயே எடுக்க வேண்டியதாகிவிட்டது, முதல் நாள்வரை கால் வீக்கத்தையும் தலைவலியையும் அலைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகில் ஊசி போட்டு, மார்புக்கு மேலே ஒரு பச்சைத் திரையைக் கட்டினார்கள். அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு அழுகை கேட்டது, பூனைக்குட்டியின் குரல் மாதிரி, அதுவும் முழுசாக முடியவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு ஃபிட்ஸ். இரண்டு நாள் நினைவில்லை. கண் விழித்தபோது எல்லாம் முடிந்து அடக்கமும் ஆகியிருந்தது. பதினோரு மணி நேரம் இருந்தானாம். நான் அவனைப் பார்த்ததில்லை, தூக்கியதில்லை, அந்த ஒரு சத்தம் மட்டும்தான் என் பிள்ளை. உன்னை அந்த வாரம் அத்தை தன் வீட்டில் வைத்திருந்தார், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லி. நான் வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பிள்ளையைப் பாரு, இல்லாததைப் பேசிப் பேசி இருக்கிறதையும் பயமுறுத்தாத என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்து இருந்து இருபது வருஷம் ஆகிவிட்டது, வீட்டில் ஒரு அறையைப் பூட்டி வைத்துவிட்டு அதைச் சுற்றியே நடமாடுகிற மாதிரி.

அதற்குப் பிறகுதான் நான் காது கேட்கிறதா என்று பார்க்கிற படிப்பைப் படித்தேன். ஏன் அதைத் தேர்ந்தெடுத்தாய் என்று நீ பள்ளியில் படிக்கும்போது ஒரு முறை கேட்டாய், சீக்கிரம் வேலை கிடைக்கும் என்றேன். பிறந்து ஒரு நாள் இரண்டு நாள் ஆன குழந்தைகளின் காதில் ஒரு சின்னக் குமிழை வைத்து மெல்லிய சத்தம் கொடுப்போம், கேட்கிற காதாக இருந்தால் அந்தக் காதே அதைவிட மெல்லிய ஒரு சத்தத்தைத் திருப்பித் தரும், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும் தரும். அதைக் கருவி பிடித்துக் காட்டும்போதெல்லாம் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

இந்த மாதம் முதல் வாரம் நீ போன் செய்தாய், நினைவிருக்கிறதா. நான் ஆஸ்பத்திரியில், காதைச் சோதிக்கிற சத்தம் புகாத அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு படிவம் குடுத்திருக்காங்கம்மா, உன் அம்மாவுக்குக் கர்ப்பத்துல பிரஷர் வந்திருக்கா, குறைப்பிரசவம் ஆகியிருக்கா, குழந்தை இறந்திருக்கான்னு வரிசையா கேட்டிருக்கு, எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுடவா என்றாய். போட்டுடு என்றேன். கடைக்காரரிடம் இன்னும் கால் கிலோ சேர்த்துப் போடு என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன். அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வரலாம், அதனால்தான் அந்தக் கேள்வியே என்பது எனக்குத் தெரியும் கண்ணு. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் நான். தெரிந்தே சொன்னேன். அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை, என்னை நீ மன்னிக்க வேண்டும், உடனே முடியாவிட்டால் பிறகாவது.

மறுநாள் அந்த அறைக்குள் போய்க் கனமான கதவைச் சாத்தினேன், அழுகை கேட்டது. அதே குரல், அதே பாதி. கதவைத் திறந்தேன், வரவேற்பில் ஒரு தாத்தா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், வேறு யாருமில்லை. மூடினால் மறுபடியும். நான்கு நாள் இப்படியே. சுவரில் எங்கோ இடைவெளி விட்டிருக்கிறது, பிரசவ வார்டுச் சத்தம் உள்ளே வருகிறது என்று எழுதிப் போட்டு, கருவிகளைச் சரிபார்க்கிறவரை வரவழைத்தேன். அவர் ஒரு மணி நேரம் உள்ளே இருந்து அளந்துவிட்டு வந்து, மேடம், ரூம் கல்லு மாதிரி இருக்கு, இதுக்குள்ள இருக்கிற பெரிய சத்தமே உங்க மூச்சுதான், வேணும்னா அதை நிறுத்திப் பாருங்க என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு கதவைச் சாத்தினேன். அழுதான்.

நம் கோயிலில் டிசம்பர் முழுக்கக் குடிலில் எல்லாரும் இருப்பார்கள், மாதா, சூசையப்பர், ஆடு மாடு, இடையர்கள், நடுவில் தொட்டி மட்டும் வைக்கோலோடு காலியாக இருக்கும். கிறிஸ்துமஸ் காலையில் ஒரு தாய் பாலன் இயேசுவின் சிலையை வெள்ளைத் தலையணையில் கிடத்தி வாசலிலிருந்து எடுத்து வந்து அதில் வைப்பார், வருஷத்துக்கு ஒருவர். அந்த நேரத்தில் மட்டும் அம்மா ஏன் வெளியே போயிடறே என்று சின்ன வயதில் கேட்பாயே, மூச்சு முட்டுகிறது என்பேன். என் முறை வந்த இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் டியூட்டி என்று தப்பித்தேன். உண்மையைச் சொன்னால், மாதாவிடம் எனக்கு ஒரு கோபம் இருந்தது. தங்க இடமில்லை, படுக்க மெத்தையில்லை என்கிறோம், ஆனாலும் உன் பிள்ளை உன் மடியில் இருந்தான் அல்லவா என்று. பாட்டுப் பாடுகிற எல்லார் மீதும் அந்தக் கோபம். இந்த வருஷம் பங்குச்சாமியார் மூன்றாம் முறையாகக் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், உன் படிவத்தில் அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டதாலோ என்னவோ, வரவில்லை. சரி சாமி என்றேன்.

இன்று காலை வாசலில் மணியடிக்கிறவர் பாலனை என்னிடம் கொடுத்தார். மேடம், பார்த்து, மூக்கு ஏற்கெனவே ஒரு தடவை உடைஞ்சு ஒட்டினது, கீழே போட்டீங்கன்னா அடுத்த வருஷம் மூக்கில்லாத பாலன்தான் என்றார். சுண்ணாம்புச் சிலைதான், அதன் கனமும் சில்லிப்பும் நான் எதிர்பாராதவை. பாட்டு ஆரம்பித்தது, நடந்தேன். அடுத்து நடந்தது எனக்குத் தெரியாமல் நடந்தது. நாலாவது வரிசை தாண்டுவதற்குள் தலையணை எங்கோ விழுந்திருந்தது, பாலன் என் தோள்மீது இருந்தார், என் ஒரு கை அந்தக் கழுத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு கை முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. சபைக்கு முகத்தைக் காட்டியபடி எடுத்துப் போக வேண்டிய ஆண்டவரை முதுகைக் காட்டித் தூக்கிப் போகிறேன். பின்னாலிருந்து மணியடிக்கிறவர், மேடம் திருப்புங்க, திருப்புங்க, சாமி முதுகைக் காட்டிட்டுப் போறீங்க என்று கிசுகிசுத்தார், கோயில் முழுக்கக் கேட்கிற கிசுகிசுப்பு. பாடகர் குழுவில் இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள். அப்போது அத்தை எழுந்து நின்றார். அவ பிள்ளையை அவ எப்படித் தூக்கினா உங்களுக்கென்ன என்று உரக்கவே சொன்னார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது போலும், முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

குடில்வரை போய்விட்டேன். வைக்க முடியவில்லை. வைக்கோல் தெரிகிறது, தொட்டி தெரிகிறது, குனியத்தான் முடியவில்லை, குனிந்தால் கை காலியாகிவிடும். குழு அதே அடியை மூன்றாம் தடவையாகப் பாடிக்கொண்டிருந்தது. பங்குச்சாமியார் நல்ல மனுஷர், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா நொண்டிக்கொண்டே வந்து என் முழங்கைக்குக் கீழே கையைக் கொடுத்தார். குடு, அன்னைக்கும் நான்தானே வாங்கிட்டுப் போனேன் என்றார் காதோடு. கொடுத்தேன். அவர் மண்டியிட முடியாத அந்தக் காலோடு மண்டியிட்டுப் பாலனைக் கிடத்தி, வைக்கோலைத் தலைக்கடியில் ஒதுக்கிவிட்டார்.

வரும் வழியில் பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து அவர் பேசினார், இருபது வருஷத்தில் முதல் தடவை. ஆபரேஷனுக்குப் பிறகு என்னைக் கிடத்தியிருந்த அறையில் எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு திரைதான் இருந்ததாம், இவர் அந்தத் திரையோரம் ஒரு ஸ்டூலில் அவனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், நர்ஸ் பிழைப்பது கஷ்டம் என்றதும் குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து இவரே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார், பெயரும் வைத்திருக்கிறார். நீ அந்தப் பக்கம் நினைவில்லாம முனகிட்டிருந்த, நீ முனகுறப்போல்லாம் அவன் கண்ணைத் திறந்தான், நீ நிறுத்தினா மூடிக்குவான், சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான் என்றார். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். நீ கேட்கல, நான் சொன்னா நீ செத்துடுவேன்னு பயந்துட்டேன் என்றார். ஏழு மாதத்தில் காது முழுசாக வேலை செய்யும் கண்ணு, இதை நான் எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். அவன் நான் பேசுவதை உள்ளே இருந்தபோதே கேட்டுப் பழகியவன். நான்தான் அவனைக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவன் நாள் முழுக்க என்னைக் கேட்டிருக்கிறான்.

பெஞ்சில் இருந்தபடியே யோசித்தேன். வார்த்தையானவர் உடலெடுத்து வந்தார் என்று நாம் நம்புகிறோம், வந்து பல மாதம் அவருக்கு ஒரு வார்த்தையும் பேச வரவில்லை என்பதை நான் நினைத்துப் பார்த்ததில்லை. அழத் தெரியும், அம்மாவின் குரல் தெரியும், அவ்வளவுதான். பெரிய ஆளாக வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், என் பிள்ளைக்கு வாய்த்த பதினோரு மணி நேரம் மாதிரியே பேச்சில்லாத மணி நேரங்களின் வழியாகத்தான் அவரும் உள்ளே வந்தார். ஞானிகள் கொண்டுவந்த மூன்றில் ஒன்று வெள்ளைப்போளம், இறந்த உடலுக்குப் பூசுவது. குழந்தை பார்க்க வருகிறவர்கள் அதைக் கொண்டுவந்தால் எந்தத் தாய் வாங்குவாள், மாதா வாங்கி வைத்திருக்கிறார். அந்த மடியிலும் அந்த வாசனை இருந்திருக்கிறது. இனி அவரிடம் எனக்குக் கோபமில்லை. கிறிஸ்துமஸ் என்றால் சாவு நம் வீட்டுக்கு வராது என்று அர்த்தமில்லை, வருகிற இடத்துக்கெல்லாம் கடவுள் கூப்பிடு தூரத்தில் வந்து படுத்துக்கொண்டார் என்று அர்த்தம், திரைக்கு அந்தப் பக்கம். எனக்கு இன்று இவ்வளவுதான் புரிந்தது. அழுகை நின்றுவிடுமா என்று கேட்காதே, நாளை மறுநாள் அறைக்குள் போனால்தான் தெரியும். கேட்டால் கருவிக்காரரைக் கூப்பிட மாட்டேன். நானும் ஏதாவது பேசிப் பார்ப்பேன்.

நீ பயப்படாதே. டாக்டருக்குத் தெரிந்துவிட்டால் கவனித்துக்கொள்ளலாம், இப்போதெல்லாம் மருந்து இருக்கிறது, வாரம் ஒரு முறை பிரஷர் பார், தலைவலி விடாமல் இருந்தாலோ கண்ணுக்கு முன்னே மின்னினாலோ முகம் வீங்கினாலோ அலைச்சல் என்று சொல்லிக்கொண்டு உட்காராதே, அந்த நிமிஷமே கிளம்பு. என் ஆஸ்பத்திரிக் காகிதத்தின் நகலும் இதோடு வருகிறது, படிவத்தைத் திருத்தச் சொல். வயிற்றில் இருப்பதோடு பேசு, என்ன பேசுவது என்று கூச்சப்படாதே, கடைக்கணக்கைச் சொன்னாலும் போதும், அதற்கு உன் குரல்தான் வேண்டும்.

தொட்டியில் வந்து படுத்த ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் உன் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. உன் தம்பியின் பெயரை நான் எழுதவில்லை, அதை வைத்தவர் வாயால் நீ கேட்க வேண்டும் என்று விட்டிருக்கிறேன். படித்து முடித்ததும் அப்பா நம்பருக்குக் கூப்பிடு, என்னைக் கூப்பிடாதே. சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் தரப் பார்ப்பார், நான் வாங்கமாட்டேன். பிறகு அவர் பக்கத்திலிருந்து சத்தமே வராது, லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, எவ்வளவு நேரமானாலும் பிடித்துக்கொண்டிரு.

இப்படிக்கு
உங்கள் இருவருக்கும் அம்மா