ரத்ததானப் பக்கத்தை நிறுத்தியது நான்தான்

திண்டிவனம்
13.9.2014

அன்பு மகள் ஃபர்ஹீனுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், துபாயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நடக்கச் சொன்னால்தான் என்னோடு சண்டைக்கு வருகிறாள். பக்கத்து வீட்டு முஜிபுர் ரஹ்மான் லீவு முடிந்து நாளை துபாய் புறப்படுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரத்தம் கொடுப்பவர்களின் பெயரும் நம்பரும் பார்க்கிற பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி, பலரும் சேர்ந்து வாடகைக்கு இருக்கிற சர்வரில் ஏற்றிவைத்தாயே, அங்கே அடிக்கடி நிறுத்திவிடுவார்கள், நின்றால் இந்த ஒரு வரியைத் தட்டி ஓடவிடுங்க அத்தா, அப்புறம் திரையைத் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாய். போன வாரம் நின்றது, தட்டினேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு வரி காட்டிவிட்டு அது அப்படியே நின்றுவிட்டது. கால் மணி நேரம் பார்த்தேன், ஓர் எழுத்துகூட வரவில்லை. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவன் நான், சத்தமில்லாத லைனைத் துண்டித்தே பழகிய கை, செத்துப்போச்சு என்று மூடிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்குத்தான் நம் தெரு இளவழகனின் மனைவி பரிமளாவுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது. ஓ நெகட்டிவ் வேண்டும், பக்கம் திறக்கவில்லை. எங்கெங்கோ கேட்டு விழுப்புரத்திலிருந்து ஆள் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தெருவே கேட்டபோது, என் பொண்ணு செய்தது சரியில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை போனில் விசாரித்தபோதும் அதையே சொன்னேன். மறுநாள் பிரவுசிங் சென்டர் சுதாகர் வந்து அதே வரியைத் தட்டி, திரை அசையாமல் நிற்கும்போதே தன் செல்போனில் பக்கத்தைத் திறந்து காட்டினான். யாராவது கூப்பிடும்வரை சும்மா நிற்பதுதான் அதன் வேலை, திரையை மூடினால் பக்கமும் நின்றுவிடும் என்றான்.

நேற்று ஜும்ஆ முடிந்ததும் எல்லோர் முன்னாலும், நிறுத்தியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். இளவழகன் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவன், உங்க பொண்ண வாய்க்கு வந்தபடி திட்டிக்கினு இருந்தேனே பாய் என்று தலையில் கை வைத்துக்கொண்டான். எனக்கு வரவேண்டிய திட்டு மகளே, உன்மேல் விழவிட்டுவிட்டேன். அத்தாவை மன்னித்துக்கொள்.

இப்போது பக்கம் ஓடுகிறது. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். இந்தக் கடிதத்தை மறக்காமல் மாப்பிள்ளையிடமும் படிக்கக் கொடு.

உன் அத்தா
முகம்மது கவுஸ்