மடியில் வைத்த கை

மன்மத வருஷம், ஆடி 6 (1955)

சிலமலை ஊர்க்காரர்கள் வந்து போனார்கள். முளைப்பாரித் திருவிழாவுக்கு இந்த வருஷம் நம்ம பிள்ளைகள் பாட்டு வேண்டாமாம். ஒலிபெருக்கிக் குழாய் கட்டி சினிமாப் பாட்டுப் பிளேட்டு போடப் போகிறார்களாம். "மனசுல வச்சுக்கிறாதீக ஆத்தா, பிள்ளைகளைச் சாமி கும்பிட வரச் சொல்லுங்க" என்று மோரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார் பெரியவர்.

போன வருஷம் தேவாரம் ஊர்க்காரர்கள் வேண்டாமென்றார்கள், இப்போது சிலமலை. என் பேத்தி வேலுத்தாயும், பக்கத்துத் தெரு ஜக்கம்மாளும் கருத்தம்மாளும் கும்மியடித்துப் பாடினால் ஒரு காலத்தில் ஊர் ஊராக வண்டி கட்டி வந்து கூட்டிப் போவார்கள். "போடிப் பிள்ளைகள்" என்று ஊர்ப் பேரோடு பிளேட்டுகூட வந்தது. அதில் பாட்டுக்கு மேலே கைதட்டுகிற சத்தம் கேட்கும். அது ஒன்றுதான் எனக்குப் பிடிக்காது.

ஆடி 19

மகன் மொக்கச்சாமி தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டான். மலைமேல் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதுகிற ரைட்டராம். "பாட்டெல்லாம் போதும்மா, கூப்பிடவும் ஆளில்ல" என்றான். வேலுத்தாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிடவில்லை.

ஆவணி 3

திருச்சி ரேடியோவிலிருந்து கடுதாசி! மூன்று பேரும் அங்கே போய்ப் பாடவேண்டும். பாடுகிறபோதே இங்கே நம்ம பார்க்கு ரேடியோவில் கேட்குமாம். என்ன பாடுவது என்பது நம் விருப்பமாம்.

மொக்கச்சாமியே இறங்கி வந்தான். "சரி, இதைக் கேட்டு நாலு ஊர்ல கூப்பிட்டா கல்யாணத்தைத் தள்ளி வைக்கிறேன். இல்லாட்டி தையில தாலி." வேலுத்தாய் ஓடிப்போய் ஜக்கம்மாளைக் கட்டிக்கொண்டாள்.

ஆவணி 10

ரேடியோவில் போய்க் கும்மியா? பார்க்கில் கடைக்காரர், வக்கீல் வீட்டார் எல்லாரும் கேட்பார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். என் பேத்தியை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. பெரியகுளத்துப் பாட்டு வாத்தியாரை வரவழைத்துவிட்டேன். மூன்று கீர்த்தனை. கை மடியில் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"கை தட்டாட்டி எங்க மூச்சு விடுறதுன்னே எனக்குத் தெரியாது அப்பத்தா" என்றாள் ஜக்கம்மாள்.

"களையெடுக்கிற கூலிக்காரி மாதிரி பேசாதடி" என்றேன்.

அவள் அம்மா ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிற கூலிக்காரிதான். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. ஜக்கம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

புரட்டாசி 2

தாளம் வழுக்குகிறது. பழகிவிடும் என்கிறார் வாத்தியார். பழகும்.

புரட்டாசி 14

மொக்கச்சாமியோடு பஸ் ஏறிவிட்டார்கள். என் பவள மாலையை வேலுத்தாய் கழுத்தில் போட்டேன். "ரேடியோவுல இதை யாரு அப்பத்தா பாக்கப் போறா?" என்று சிரித்தாள். "நான் பாப்பேன்டி" என்றேன்.

புரட்டாசி 15

எழுத ஓடவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

பார்க்கில் முன்னால் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தேன். தெருவே வந்திருந்தது. காய் பொறுக்குகிற பெண்களும் வந்து மரத்தடியில் தள்ளி நின்றார்கள். ரேடியோவில் "போடிநாயக்கனூர் வேலுத்தாய்" என்று பேரைச் சொன்னதும் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தேன்.

முதல் பாட்டு பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. இரண்டாவதில் மிருதங்கம் ஓரிடத்தில், பிள்ளைகள் ஓரிடத்தில். ஜக்கம்மாள் குரலே கேட்கவில்லை. எனக்குப் பின்னால் கடலைக்காரன் சுடலை யாரிடமோ கேட்கிறான்: "நம்ம பிள்ளைகளா இது? கையக் காலக் கட்டிப்போட்டுப் பாடச் சொன்னாகளா?" சிரித்தார்கள். நான் திரும்பவில்லை. கூட்டம் எழுந்து அவனிடம் கடலை வாங்கப் போயிற்று.

மூன்றாவதும் முடிந்தது. நேரம் மிச்சம் போல. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் — கை! மூன்று பேர் கையும் ஒன்றாக! "மேமலையில் மேகம் கண்டு முளையெடுத்தோம் தாயே" என்று வேலுத்தாய் எடுத்தாள் பாருங்கள், ஜக்கம்மா குரல் அடியிலிருந்து வந்து அதைத் தாங்கிக்கிட்டுப் போச்சு. கடலை வாங்கப் போனவுக அப்படியே நின்னுட்டாக. மரத்தடிப் பெண்கள் கூடச் சேர்ந்து தட்ட ஆரம்பிச்சுட்டாளுக.

ரெண்டு வரிதான். பாட்டை வெட்டிவிட்டு ரேடியோவில் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பெண்கள் கொஞ்ச நேரம் பாட்டில்லாமலே தட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

புரட்டாசி 17

வந்துவிட்டார்கள். பவளத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். "மூணு பாட்டும் முடிஞ்சிருச்சு அப்பத்தா. கை தானா எந்திரிச்சிருச்சு." என்னவோ தப்புச் செய்த மாதிரி சொன்னாள்.

ரேடியோக்காரர் கேட்டாராம், "இதை ஏம்மா மொதல்லயே பாடல?" என்று.

"நீ என்னடி சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை?

கார்த்திகை 8

எந்த ஊரிலிருந்தும் ஆள் வரவில்லை. மொக்கச்சாமியிடம் போய், பாட்டைக் கெடுத்தது நான், பிள்ளை இல்லை என்றேன். "யாரு கெடுத்தா என்னம்மா, கெட்டுப்போச்சுல்ல" என்றான்.

தை 14

தாலி கட்டியாயிற்று. பந்தலில் குழாய் கட்டி சினிமாப் பாட்டுப் போட்டார்கள். ஜக்கம்மாள் வந்தாள், சாப்பிட்டாள், என்னிடம் பேசவில்லை.

துன்முகி வருஷம், ஆவணி 22 (1956)

வேலுத்தாயைப் பார்க்க ஜீப்பில் மலை ஏறினேன். முதுகெல்லாம் வலி. ஏலச்செடிக்குள்ளே ஆள் தெரியவில்லை, பாட்டு மட்டும் கேட்டது. மேமலையில் மேகம் கண்டு... காய் எடுக்கிற பெண்கள்! நம்ம பிள்ளைகளின் பழைய பிளேட்டைக் கேட்டுப் பழகினார்களாம். அதைப் பாடினவள்தான் ரைட்டர் வீட்டில் இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

"சொல்லலையாடி நீ?" என்றேன்.

"எதுக்கு அப்பத்தா." வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவ பாடு. நான் கேக்கிறேன்ல."

"மறந்துபோச்சு."

எனக்கு என்ன தோன்றியதோ, நானே தட்ட ஆரம்பித்தேன். என் வயசுக்கு ஒரு நாளும் தட்டினதில்லை. தோட்டத்துப் பாட்டு ஒரு பக்கம் போகிறது, என் கை ஒரு பக்கம் போகிறது. அவள் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"பிந்துது அப்பத்தா" என்றாள். முறத்தைக் கீழே வைத்து, சரியான இடத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டிக் காண்பித்துவிட்டு, உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.