வராத இருமல்

வியாழன் இரவு.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் புரையேறாமல் இருக்கத் தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்கிறோம். இன்று, "அந்தக் கூழு வேணாம் தாயி, ஏலக்கா டீ கொண்டா" என்று அடம்பிடித்தார். கொடுத்துவிட்டேன். ஒரு இருமல்கூட இல்லை. "நல்லாருக்கு தாயி" என்றபோது குரலில் ஈரம் இருந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

விழுங்கும் பயிற்சி தரும் அக்காவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

"தொண்டை மரத்துப்போனா, டீ மூச்சுக்குழாய்க்குள்ள போனாலும் இருமல் வராதும்மா. குடிச்சதும் குரல் கொழகொழன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"காய்ச்சல் அடிக்குதான்னு பாத்துக்கிட்டே இருங்க. விடிஞ்சதும் வெரசா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க."

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இத்தனை நாள் அவர் இருமினாலே எரிச்சல் வரும். இப்போது ஒரே ஒரு இருமலுக்காக உட்கார்ந்திருக்கிறேன்.