கேள்விக்குப் பின்னால் நீங்கள் விட்ட இடம்

என் பிரிய அத்தானுக்கு,

சேத்தூர் பால்வாடியில் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன். ஆமாம், டீச்சர் ஆகிவிட்டேன், சிரிக்க வேண்டாம். "நாலு பேருக்கு முன்னாடி வாயத் திறப்பியாட்டி நீ?" என்று கேலி செய்வீர்களே, இப்போது ஒரு கூடம் நிறைய வாண்டுகளுக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்துகிறேன்.

விஷயம் இதுதான். ராஜபாளையத்து மில்காரர் ஒருவர் பால்வாடிக்கு டிவி வாங்கித் தருகிறாராம். "போட்டு விட்டா அது பாட்டுக்குச் சொல்லிக் குடுக்கும். புள்ளைகளும் அசையாம இருக்கும்லா?" என்கிறார். டிவி வேண்டாமென்றால் டேப் ரிக்கார்டர். எது என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டும். எனக்கு அந்த 'அசையாம'தான் உறுத்துகிறது.

நம் கோதைக்கு மூன்று வயது முடிந்தும் பேச்சு வராமல் இருந்தது நினைவிருக்கிறதா? 'அம்மா'கூட இல்லை. காதில் குறையில்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். நீங்கள் லீவில் வந்தபோது மிலிட்டரி கேன்டீனிலிருந்து டேப் ரிக்கார்டரும் குழந்தைப் பாட்டுக் கேசட்டுகளும் கொண்டுவந்தீர்கள். கேட்கக் கேட்கப் பேச்சு வந்துவிடும் என்று நானும் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அதை ஓடவிட்டு, பேண்டேஜ் துணி மடிக்கிற வேலையைப் பார்த்தேன். அவள் அசையாமல் உட்கார்ந்து கேட்டாள். எம்புட்டு சமத்து என்று பெருமை வேறு. என் கூமுட்டைப் புத்தியை என்ன சொல்ல!

பிறகு காஷ்மீரிலிருந்து உங்கள் குரல் வந்தது. எழுதச் சோம்பல்பட்டுக் கேசட்டில் பேசி அனுப்புவீர்கள். அதன்மேலேயே என் பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவேன். ஒரே கேசட்தான் போய்ப் போய் வரும். ஒன்று கேட்டால் பதில் வராமல் அடுத்த வார்த்தை பேசாத ஆள் நீங்கள். கேசட்டிலும் அதே குணம்! "கோதை, சாப்ட்டியாட்டி?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தீர்கள். டேப் மட்டும் ஓடியது. "இந்த மனுசனுக்குக் கிறுக்கா? யாரு பதில் சொல்லுவான்னு காத்துக் கெடக்காரு?" என்று நான் முணுமுணுத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாப்ட்டேன்."

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். "என்ன சாப்ட்ட?" என்றீர்கள். மறுபடி அந்த அமைதி. "தோச" என்றாள். அன்று வீட்டில் இட்லி. வாயைத் திறந்ததுமே பொய்! கட்டிக்கொண்டு அழுதேன் அத்தான்.

இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அத்தனை பாட்டுக்கும் வராத பேச்சு அந்தக் காலி இடத்துக்கு எப்படி வந்தது? பாட்டு எதுவும் அவளை ஒன்றும் கேட்கவில்லை என்பதாலா? நான்தான் பக்கத்திலேயே இருந்தேனே, ஒருநாளாவது ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேனா?

அந்தச் சந்தோஷத்தில், நானே "என்ன சாப்ட்ட?" என்று கேட்டு, அவள் பேச்சை அதே கேசட்டில் பதிந்து அனுப்பினேன். உங்கள் குரல் அதோடு அழிந்தது. அடுத்த தடவை பேசுவீர்கள் என்றுதானே இருந்தேன். ஜீப் கவிழ்ந்த தந்திதான் வந்தது. மகள் பேசியதைக் கேட்டுவிட்டுப் போனீர்களா, கேட்காமலே போனீர்களா? இத்தனை வருஷமும் என்னை அரித்தது அது ஒன்றுதான். உங்கள் பெட்டியோடு திரும்பி வந்த அந்தக் கேசட்டைத் தொடவும் தைரியமில்லை.

போன வாரம் பழைய டேப் ரிக்கார்டர் ஓடுகிறதா என்று பார்க்க, கேசட் தேடிக் கோதைதான் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். எட்டாவது படிக்கிறாள் இப்போது, வாய் ஓய்வதில்லை. கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுக்கு முதுகுல இருக்க ரெண்டு பல்லும் ஒடைச்சிருக்கு?" என்றாள்.

"அத ஒடைச்சிட்டா மேல எதையும் பதிய முடியாது. உள்ள இருக்கது அழியாது" என்றேன்.

"நீ ஒடைச்சியா?"

"இல்லயே."

அவள் ஒடிந்த இடத்தை விரலால் தடவினாள். "அப்போ அப்பா நான் பேசுனதக் கேட்டிருக்காக."

உங்கள் குரல் எங்கேயும் மிச்சமில்லை அத்தான். ஆனாலும் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை, டேப் ரிக்கார்டரும் வெற்றுக் கேசட்டும் போதும் என்று சொல்லப்போகிறேன். பிள்ளைகள் பேசுவதைப் பதிந்து அவர்களுக்கே போட்டுக் காட்டலாம். கேள்வியை நானே கேட்பேன். கேட்டுவிட்டு நீங்கள் இருந்தது போலச் சும்மா இருப்பேன், எம்புட்டு நேரமானாலும்.

இப்படிக்கு,
காத்திருக்கப் பழகிக்கொண்ட உங்கள் மாமன் மகள்,
கோதையின் அம்மா