ஏட்டையா சாய்ந்த சுவர்

ஏட்டையா,

இன்று மத்தியானம் ரேஷன் கடையில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்கள். அந்த ஊதா மையின் வாடை பட்டதும், ஒத்தக்கடையில் உங்களுக்காக நான் கட்டிய புறக்காவல் நிலையம் நினைவுக்கு வந்துவிட்டது. முதியோர் பள்ளியில் இப்போதுதான் எழுத்துப் பழகியிருக்கிறேன். ‘ழ’ இன்னும் கோணலாகத்தான் விழுகிறது. அதுவும் அழகாகவே தெரிகிறது. இது என் முதல் கடிதம். படிக்க நீங்கள் இல்லை.

இஞ்சினியர் சொன்னபடி செங்கலைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, நடுவே இடைவெளி விட்டுக் கட்டினேன். அந்த இடைவெளியில் நிற்கும் காற்று வெயிலை உள்ளே விடாது, செங்கலும் மிச்சம் என்றார். பூச்சும் வேண்டாம் என்றார். ஒருநாள் நீங்கள் லத்தியால் தட்டினீர்கள். டொக்கென்று கேட்டது. எதிர் டீக்கடைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

“உள்ள ஒண்ணுமில்ல ஏட்டையா. போலீஸ் ஸ்டேசன் செங்கல்லயே கை வச்சிருக்கான் இந்தக் கொத்தன்.”

ஊரெல்லாம் அதே பேச்சு. என் மருமகன்கூட, “எனக்கும் நாலு செங்கல் ஒதுக்குங்க மாமா” என்றான்.

கட்டடத்தை ஒப்படைத்த அன்று உங்கள் மேசையில் கைநாட்டு வைத்தேன். “களவாணிதான் ஸ்டேசன்ல கைநாட்டு வைப்பான்” என்று டீக்கடைக்காரர் சொல்ல, கூட்டம் சிரித்தது. நான் தலை நிமிரவில்லை.

நீங்கள் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்த மேற்குச் சுவரில், உள்பக்கமாக வெற்று முதுகோடு சாய்ந்தீர்கள்.

“இங்க வாய்யா. சட்டையக் கழட்டிட்டு நீயும் சாயி.”

டீக்கடைக்காரர் சாய்ந்தார். “என்ன ஏட்டையா, சில்லுன்னு இருக்கு.”

“உன் கடைச் செவுரு?”

“முதுகு வெந்துரும்.”

“அப்பக் கொத்தனாரு எதக் களவாண்டாரு? வெயிலத்தான்.”

அப்புறம் உங்கள் கைக்குட்டையால் என் கட்டைவிரலைத் துடைத்து, “அடுத்தவாட்டி பேர எழுதிப் போடுங்க கொத்தனாரே” என்றீர்கள். திருட்டுப் பட்டம் போனது, மை போகவில்லை. பெயர் எழுதத் தெரியாமல் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று, அந்த விரலை மடித்துக்கொண்டு வயல் வழியாகவே சுற்றிப் போனேன். டீ குடிக்கக் கூப்பிட்டு ஆள் அனுப்பினீர்கள். வரவில்லை. எழுதக் கற்று வந்து காட்டலாம் என்றிருந்தேன். அதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இன்று ரேஷன் கடையில் மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டு வாங்கினேன். வரிசை முணுமுணுத்தது, என் பெயரை நிதானமாகவே எழுதினேன். அங்கிருந்து நேரே நிலையத்துக்குப் போனேன்.

“என்ன பெரியவரே, புகாரா?” என்றார் புது ஏட்டு.

“இல்லய்யா, கொஞ்ச நேரம் சாஞ்சுக்கிறேன்.”

சட்டையைக் கழற்றிச் சாய்ந்தேன். சுவர் அப்படியே சில்லென்று இருக்கிறது, ஏட்டையா. எனக்குச் சிரிப்பு வந்தது. கட்டைவிரலை மட்டும் உள்ளங்கைக்குள் மடித்தே வைத்திருந்தேன்.