சாரல்வேந்தனின் குதிரைகள்

காலையில் போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. "உங்கள் ஊரில் தானியம் தீர்ந்துகொண்டிருக்கிறது." மாடியில் காயப்போட்ட துண்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். தென்காசியில் வெயிலோடு சேர்ந்தே சாரல் விழ ஆரம்பித்திருந்தது. ஈரத் துண்டின் அந்த முடை நாற்றம் உன் குற்றாலம் லாட்ஜின் நாற்றம். எண்ணெய்க் குளியல் முடித்தவர்கள் மாடிக் கம்பியில் போட்டுவிட்டுப் போகும் துண்டுகள் உன்னிடம் சீசன் முடியும்வரை காய்ந்ததே இல்லை. நீ போனபின் வரும் முதல் சாரல் இது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. துண்டுகளை உள்ளே கொண்டு போட்டேன்.

அந்தப் பனிநாட்டை, போனில் ஆடும் விளையாட்டை, நீதான் எனக்குக் காட்டினாய். மாசி, பங்குனியில் குற்றாலத்து அருவி நூலாகிவிடும். அறைச் சாவிகள் எல்லாம் உன் தலைக்குமேல் ஆணியில் தொங்கும். கீழே உட்கார்ந்து போனில் ராஜ்ஜியம் கட்டிக்கொண்டிருந்தாய். ஆளுக்கு ஓர் ஊர், ஒரு மதில், ஒரு படை. நடுவில் ஒரே ஓர் அரியணை. பனியையே பார்த்திராத நம் ஊர்க்காரர்கள் அதில் நிறையப் பேர் இருந்தார்கள், பாதிப்பேர் வளைகுடாவில் வேலை செய்தவர்கள்.

"ஏலே வாத்தியாரே, சரித்திரம்தான நடத்துத? வந்து எனக்கு அமைச்சரா இரி" என்றாய். கல்லூரியில் எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவியை வேறொருவருக்குக் கொடுத்திருந்த வருடம் அது. வந்தேன். திட்டம் நான் போட்டேன். துபாயிலிருந்த கடையநல்லூர் அசன் குதிரைப்படை கொடுத்தான். நீ சாரல்வேந்தன் என்ற பெயரில் அரியணை ஏறினாய்.

முதலில் நல்ல ராஜாவாகத்தான் இருந்தாய். சிறிய ஊர்களுக்குத் தானியம் அனுப்பினாய். சீசன் தொடங்கியதும் ஓர் ஆணை போட்டாய்: குற்றாலத்தில் தண்ணீர் விழும் காலத்தில் பனிநாட்டில் போர் கிடையாது. லாட்ஜ் நிறைந்திருக்கும்போது உன்னால் போனைப் பார்க்க முடியாது என்பதற்காக ஒரு நாடே கத்தியை உறையில் போட்டது. அந்தக் கீழ்ப்படிதல்தான் உன்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த வருடம் எல்லாக் கோட்டைகளும் உன் லாட்ஜின் மஞ்சள் நிறத்தில் இருக்கவேண்டும் என்றாய். வேலை முடிந்து தூங்கிப்போய்ப் போருக்கு வராத அசன் ஒரு மாதம் 'தூங்குமூஞ்சி' என்ற பெயரோடு திரியவேண்டும் என்றாய். திரிந்தான். அந்தப் பெயரைச் சொல்லியே நீ அவனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தாய்.

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த குழு அழைப்பில் "இது நல்லதுக்கில்ல" என்று நான் ஒருமுறைதான் சொன்னேன்.

"ஒம்ம காலேஜுலயே ஒருத்தனும் மதிக்கல. இங்கன வந்து எனக்குப் பாடம் எடுக்கீரோ?"

'ஒம்ம' என்றாய். சின்ன வயதிலிருந்து 'லே' போட்டவன். அன்று மாலையே என் ஊரை எரித்து, என்னை நாட்டின் ஓரத்துக்குத் துரத்தினாய். எரிந்தது போன் திரையில் இருந்த ஊர்தான். சொன்னது அப்படியல்ல.

மறு சீசனில் ஐந்தருவியில் கூட்டம் நெரிந்தது. உன் போன் சாவிகளோடு மேசை இழுப்பறையில் கிடந்தது. அசன் உன் ஆணையை மீறி வந்தான். மஞ்சள் கோட்டைகள் ஒவ்வொன்றாக அவனுக்குக் கதவைத் திறந்தன. நான் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நீ கூப்பிட்டாய்.

"பாத்தியாலே?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"நீ நாடு கடத்துனவன்கிட்டயா துப்பு கேக்குத?"

பின்னால் யாரோ வெந்நீர் வரவில்லை என்று கத்தினார்கள். "இந்தா வாரேன் அண்ணாச்சி" என்று போனை வைத்துவிட்டாய்.

சில நாள் கழித்து உன்னிடம் மிஞ்சியிருந்த குதிரைகள் எல்லாம், ஓரத்தில் நான் புதிதாகக் கட்டியிருந்த ஊர் வாசலில் வந்து நின்றன, காவலுக்கு. கூட ஒரு செய்தியும் இல்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டேன்: "எதுக்குலே அனுப்புன?"

"ஒன் ஊர்ல மதில் சரியில்ல."

டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறினாய். நான் எதிர்பார்த்த வார்த்தை அதுவல்ல. அடுத்தமுறை கேட்டு வாங்கிவிடலாம் என்றிருந்தேன். தை மாதம் லாட்ஜ் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். எழுந்திருக்கவில்லை. உன் வீட்டுக்கு வந்து, நின்று, திரும்பினேன். அன்றும் அழுகை வரவில்லை.

இப்போது அசன்தான் ராஜா. கோட்டைகளுக்கு அவரவர் நிறம். போன வாரம் கூப்பிட்டான். "சார், அண்ணாச்சி குதிரைய இன்னுமா வச்சிருக்கீய? அது திங்கித தீனிக்கு ஒங்க ஊரு வளராது. திருப்பி அனுப்பிருங்க."

"அங்க யாருடே இருக்கா?" என்றேன்.

அவன் சொல்வது சரி. காவலுக்கு வந்த படை, நிற்கிற ஊரின் தானியத்தைத்தான் தின்னும். ஒரு பொத்தானை அமுக்கினால் ஆளில்லாத உன் ஊருக்குப் போய்விடும். நீ அன்று சொன்னதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

துண்டுகளை மடித்து வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். இருக்கிற தானியம் இரண்டு படைக்குப் போதாது. என் வீரர்களைக் கலைத்து அனுப்பினேன். வாசலில் உன் குதிரைகள் மட்டும் நிற்கின்றன. மதிலை இன்னும் சரிசெய்யவில்லை.